12 மணி என்பது வக்து அல்ல!

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நவம்பர் மாதத்தின் முதல் வாரம். முத்தாண்டிக்குப்பத்தை அடுத்த ஒரு மையவாடியில் பெரியவர் ஒருவரின் ஜனாஸாவோடு நின்றிருந்தோம். விடிந்ததிலிருந்தே மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஜனாஸாத் தொழுகை முடிந்து, சந்தூக்கு கபுருக்கு அருகே இறக்கப்பட்ட நேரத்தில் ஒருவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 12 மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. "நிறுத்துங்க. ஜவால் நேரம் வந்துடுச்சு. பன்னிரண்டரை வரைக்கும் அடக்கக் கூடாது" என்றார். எல்லோரும் நின்றுவிட்டனர். வெட்டிய கபுருக்குள் மழைநீர் இறங்கிக்கொண்டே இருந்தது. பெரியவரின் மகன்கள் இருவரும் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தனர். அரைமணி நேரம் அப்படியே கழிந்தது.

அன்று நம் பகுதியில் சூரியன் உச்சியைக் கடந்தது 11.56 மணிக்கு. அதாவது, "நிறுத்துங்கள்" என்ற குரல் எழுந்தபோதே தடுக்கப்பட்ட நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. நாம் மழையில் காத்திருந்த அரைமணி நேரத்திற்கும் மார்க்கத்திற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்று, பிள்ளைகளுக்குத் தொழுகை வக்துகளைப் பாடமாக நடத்தும் நாமும் அங்கேதான் நின்றிருந்தோம். வாய் திறக்கவில்லை. காரணம், நமக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அன்று மாலை கணக்கிட்டுப் பார்த்த பிறகே தெரிந்தது. அந்த வெட்கத்திலிருந்துதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

நம் வாதம் ஒன்றே. கடிகாரத்தின் 12 என்ற எண்ணை நாம் மார்க்கத்தின் அடையாளமாக்கிவிட்டோம். "12 அடித்தால் தொழக் கூடாது" என்பதும், "12 தாண்டினால் ளுஹர் வந்துவிட்டது" என்பதும் ஷரீஅத்தில் இல்லாத இரண்டு சட்டங்கள். ஒன்று கூடும் என்றிருப்பதைத் தடுக்கிறது. மற்றது கூடாததைக் கூடும் என்கிறது.

மார்க்கம் எதை அடையாளமாக வைத்தது?

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று திருக்குர்ஆன் (4:103) கூறுகிறது. சூரியன் சாய்வதை முன்வைத்துத் தொழுகையை நிலைநாட்டுமாறு மற்றோர் இடத்தில் (17:78) கட்டளையிடுகிறது. ஜிப்ரீல் (அலை) அவர்கள் இரண்டு நாட்கள் நபி (ஸல்) அவர்களுக்குத் தொழுவித்து நேரங்களைக் கற்றுக்கொடுத்த செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இருக்கிறது. அதில் முதல் நாள் ளுஹரின் நேரம் செருப்பின் வாரளவு நிழலைக் கொண்டு சொல்லப்படுகிறது. சூரியன் உதிக்கும்போதும், உச்சியில் நிற்கும்போதும், மறையச் சாயும்போதும் தொழுவதையும் ஜனாஸாவை அடக்குவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

இவற்றில் எங்கேனும் எண் இருக்கிறதா? இல்லை. சூரியன் இருக்கிறது, நிழல் இருக்கிறது. பாலைவனத்தில் ஆடு மேய்ப்பவரும் பார்த்தறியக்கூடிய அடையாளத்தை அல்லாஹ் வைத்தான். நாமோ அதை விட்டுவிட்டுச் சுவரில் தொங்கும் கடிகாரத்தின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டோம்.

ஒரு சொல்லையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். தடுக்கப்பட்ட நேரத்தை நாம் "ஜவால் நேரம்" என்கிறோம். அரபியில் அச்சொல்லின் பொருள் சாய்தல், நீங்குதல். சூரியன் உச்சியில் நிற்கும் நிலைக்குப் பெயர் இஸ்திவா. அங்கிருந்து சாய்வதே ஜவால். அதாவது ஜவால் என்பது தடை தொடங்கும் நேரமன்று, தடை நீங்கும் நேரம். ளுஹரின் வக்து தொடங்கும் நேரம். சொல்லையே தலைகீழாகப் பிடித்த பிறகு சட்டம் எப்படி நேராக நிற்கும்?

நம் ஊரில் உச்சி எப்போது?

இந்திய நேரம் என்று நாம் கைக்கடிகாரத்தில் வைத்திருப்பது 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். அந்த ரேகை உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர் அருகிலும் ஆந்திரத்தின் காக்கிநாடா அருகிலும் செல்கிறது. நெய்வேலியும் முத்தாண்டிக்குப்பமும் ஏறத்தாழ 79½ பாகையில் இருக்கின்றன. மூன்று பாகை மேற்கே. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. ஆகவே நம் ஊரில் சராசரி உச்சிவேளை 12 மணியன்று, 12.12 மணி.

இதோடு முடிந்துவிடவில்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டமன்று. பூமியின் அச்சும் ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருக்கிறது. இவ்விரு காரணங்களால் சூரியன் சில மாதங்களில் கடிகாரத்துக்குப் பிந்தியும் சில மாதங்களில் முந்தியும் உச்சிக்கு வருகிறது. நம் பகுதிக்கு அதன் கணக்கு ஏறத்தாழ இப்படி அமைகிறது: ஜனவரி தொடக்கத்தில் 12.15, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 12.26, ஏப்ரல் நடுவில் 12.12, மே நடுவில் 12.08, ஜூலை இறுதியில் 12.18, செப்டம்பர் தொடக்கத்தில் மீண்டும் 12.12, நவம்பர் தொடக்கத்தில் 11.56, டிசம்பர் இறுதியில் 12.12. ஆண்டுக்குள் அரைமணி நேரம் முன்னும் பின்னும் நகரும் ஒன்றை "12 மணி" என்று ஆணியடித்து வைத்திருக்கிறோம்.

உச்சி நிற்கும் நேரமும் நாம் நினைப்பது போல அரைமணி அன்று. சூரியவட்டம் முழுவதும் உச்சிக்கோட்டைக் கடக்க இரண்டு நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகவே ஆகிறது. எச்சரிக்கைக்காக முன்னும் பின்னும் சில நிமிடங்கள் விடுவது பேணுதல். அதற்கு மேலும் இமாம்களிடையே விளக்க வேறுபாடு உண்டு. வெள்ளிக்கிழமை உச்சியில் நஃபில் தொழுவதை ஷாஃபிஈ மத்ஹப் அனுமதிக்கிறது. வேண்டுமென்றே அந்த நேரத்தைத் தேடி அடக்கினால்தான் வெறுக்கத்தக்கது என்றும் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்தத் தடையை ளஹ்வத்துல் குப்ரா எனும் நேரத்திலிருந்தே தொடங்கும் ஹனஃபி அறிஞர்களும் உள்ளனர். அவரவர் மத்ஹபை அவரவர் பின்பற்றட்டும். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் எந்த மத்ஹபிலும் அந்த நேரத்தின் முடிவு சூரியன் சாய்வதே. ஆண்டு முழுவதும் "12 முதல் 12.30 வரை" என்று எந்த இமாமும் சொல்லவில்லை.

யாருக்கு இழப்பு?

"ஜமாஅத் 1.15-க்கோ 1.30-க்கோதானே நடக்கிறது; இந்த நிமிடக் கணக்கு எதற்கு?" என்று ஒரு முத்தவல்லி நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு தொழுபவருக்கு இதனால் இழப்பில்லை. ஆனால் உம்மத்து என்பது பள்ளிவாசலின் முன்வரிசை மட்டுமா?

சுரங்கத்தில் இரண்டாம் ஷிஃப்டுக்குப் புறப்படும் சகோதரர் ஒருவர் பிப்ரவரி மாதத்தில் நம்மிடம் வந்தார். பல ஆண்டுகளாக அவர் வீட்டிலேயே 12.15-க்கு ளுஹர் தொழுதுவிட்டு, சாப்பிட்டு, பணிக்குப் போகிறவர். "12 தாண்டிடுச்சே ஹஜ்ரத், தொழுகை கூடும்தானே?" என்று கேட்டார். நவம்பரில் கூடும். மே மாதத்திலும் கூடும். ஆனால் பிப்ரவரியில் அவர் தக்பீர் கட்டும்போது சூரியன் உச்சிக்கு வரவே இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. வக்துக்கு முன் தொழுத ஃபர்ளு நிறைவேறாது, திரும்பத் தொழ வேண்டும் என்பது பிக்ஹின் அரிச்சுவடி. ஜனவரியின் பெரும்பகுதி, பிப்ரவரி, மார்ச், ஜூலை, ஆகஸ்ட் என்று ஒவ்வோர் ஆண்டும் எத்தனை நாட்கள்! உளத்தூய்மையோடு, ஒரு நாளும் விடாமல் தொழுத ஒரு மனிதரின் தொழுகையை இப்படி ஐயத்துக்குள் தள்ளியது யார்? அவர் அல்லர். "12-க்கு மேல் தொழலாம்" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த நாம்தான்.

வீட்டில் சமையலை முடித்து, பிள்ளைகள் வருவதற்குள் தொழுதுவிடும் தாய்மார்கள், படுக்கையில் இருக்கும் நோயாளிகள், முந்திரித் தோப்பில் வேலைக்கு நடுவே ஒதுங்கித் தொழும் பெண்கள், பேருந்து ஏறுமுன் தொழும் பயணிகள் ஆகியோரெல்லாம் கடிகாரத்தை நம்பியே தொழுகிறார்கள். இவர்களை நினைக்காமல் "ஜமாஅத் நேரம் சரியாகத்தானே இருக்கிறது" என்பது பொறுப்புள்ள பதிலாகாது.

12-க்கு என்ன புனிதம்?

இந்த 12 எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்வோம். 1906 ஜனவரி 1 அன்றுதான் இன்றைய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நம் பகுதியில் வழங்கியது சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையைக் கொண்டு கணித்த சென்னை நேரம். 19-ஆம் நூற்றாண்டில் இந்திய ரயில்வேக்களும் அந்த நேரத்தையே பின்பற்றின. அது இன்றைய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பின்தங்கியது. அதாவது நம் முன்னோர் பார்த்த 12 மணியும் நாம் பார்க்கும் 12 மணியும் ஒன்றல்ல. பம்பாய் நகரம் தன் சொந்த நேரத்தை 1955 வரை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை இந்தியாவின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டிருந்தன. அரசாணையால் கடிகாரம் நகரும். சூரியன் நகருமா?

கடல் கடந்து வாழும் நம் உறவினர்களைக் கேளுங்கள். சிங்கப்பூரின் கடிகாரம் 1982 முதல் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முந்தியது. அங்கே சராசரி உச்சிவேளை பகல் 1.05. சிங்கப்பூரில் பணிபுரிந்து ஊர் திரும்பிய எந்தச் சகோதரரும் அங்கே 12.15-க்கு ளுஹர் தொழுததாகச் சொல்லமாட்டார். இலங்கை 1996-ஆம் ஆண்டுக்குள்ளேயே தன் கடிகாரத்தை இருமுறை மாற்றியது. 2006-ல் மீண்டும் இந்திய நேரத்தோடு ஒன்றாக்கிக்கொண்டது. 1996-ன் நடுவில் சில மாதங்கள் கொழும்பில் உச்சிவேளை பகல் ஒரு மணிக்கும் பிந்தியது. அங்குள்ள முஸ்லிம்கள் கடிகாரத்தை மாற்றினார்கள். தொழுகையைச் சூரியனோடு வைத்துக்கொண்டார்கள்.

மக்காவையே எடுத்துக்கொள்வோம். ஆண்டில் இரண்டு முறை, மே 28 வாக்கிலும் ஜூலை 16 வாக்கிலும், சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வருகிறது. கிப்லாவைச் சரிபார்க்க உலகெங்கும் பயன்படும் நேரம் அது. மக்கா நேரப்படி அது முதல் முறை பகல் 12.18, இரண்டாம் முறை 12.27. அல்லாஹ்வின் ஆலயத்தின் மேலேயே சூரியன் 12 மணிக்கு வருவதில்லை என்றால், நம் ஊரில் வரவேண்டும் என்று எந்த ஆதாரத்தில் நம்பினோம்?

இன்னும் ஒன்று. உஸ்மானிய ஆட்சியில் கடிகாரத்தின் 12 என்பது உச்சிவேளையே அன்று, மஃரிப். சூரியன் மறையும் வேளையில் முள்ளை 12-ல் நிறுத்துவார்கள். நாள் அங்கிருந்து தொடங்கும். துருக்கி அதை 1926-ல்தான் கைவிட்டது. சஞ்சிபாரிலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் ஸ்வாஹிலி பேசும் முஸ்லிம்கள் இன்றும் உச்சிவேளையை "ஆறு மணி" என்றே எண்ணுகிறார்கள். விடியலிலிருந்து ஆறாவது மணி என்பது அவர்கள் கணக்கு. ஆகவே 12 என்பது மனிதர்கள் தம் வசதிக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டு. அது வஹீ அன்று.

ஏ.எம்., பி.எம். என்ற இரண்டு சாட்சிகள்

பன்னிரண்டு மணிக் கடிகாரம் நம்மைக் குழப்பும் விதம் இன்னும் இருக்கிறது. ஏ.எம். என்றால் உச்சிக்கு முன், பி.எம். என்றால் உச்சிக்குப் பின். நாமும் முற்பகல், பிற்பகல் என்று எழுதுகிறோம். இப்போது பிப்ரவரி 12.15-ஐப் பாருங்கள். கைபேசி "பி.எம்." என்று சாட்சி சொல்கிறது. சூரியனோ இன்னும் உச்சிக்கு வரவில்லை. நவம்பர் 11.58-ஐப் பாருங்கள். கைபேசி "ஏ.எம்." என்கிறது. சூரியன் சாய்ந்துவிட்டது. வக்து விஷயத்தில் இந்த இரண்டு சாட்சிகளும் பொய்ச் சாட்சிகள்.

சரியாக 12-ஐ ஏ.எம். என்பதா, பி.எம். என்பதா என்பதில் உலகமே தடுமாறுகிறது. உச்சியே உச்சிக்கு முன்னும் ஆகாது, பின்னும் ஆகாது. நடைமுறையில் பகல் 12-ஐ பி.எம். என்றும் நள்ளிரவு 12-ஐ ஏ.எம். என்றும் கைபேசிகள் காட்டுகின்றன. இது தெரியாமல் ஏற்பட்ட இழப்பு ஒன்றை நாம் அறிவோம். உம்ராவுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தின் பயணச்சீட்டில் வெள்ளிக்கிழமை தேதியும் 12.40 ஏ.எம். என்ற நேரமும் இருந்தன. வெள்ளிக்கிழமை இரவு 12.40 என்று அவர்கள் எண்ணினார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஊரார் எல்லாம் கூடி வழியனுப்பி வைத்தபோது விமானம் போய்ப் பல மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், நம் மார்க்க வழக்கில் அந்த இரவு வெள்ளி இரவுதான்! வியாழன் மஃரிபோடு வெள்ளி தொடங்கிவிடுகிறது. தராவீஹையும் லைலத்துல் கத்ரையும் அப்படித்தான் எண்ணுகிறோம். மார்க்கத்தின் கணக்கில் வெள்ளி இரவு. பேச்சு வழக்கில் வியாழன் இரவு. சீட்டின் கணக்கில் வெள்ளி அதிகாலை. மூன்றும் ஒரே நேரம். எந்தக் கணக்கில் பேசுகிறோம் என்று சொல்லாததால் வந்த வினை.

நள்ளிரவும் அப்படித்தான். இஷாவை இரவின் பாதிக்குள் தொழுதுவிடுவது குறித்துப் பேசும்போது "12 மணிக்குள்" என்கிறோம். மஃரிபுக்கும் பஜ்ருக்கும் நடுவே உள்ளது இரவின் பாதி. நம் ஊரில் பிப்ரவரியில் அது 11.50-ஐ ஒட்டியும், ஜூலையில் 11.40-ஐ ஒட்டியும் வருகிறது. அங்கேயும் 12 நம்மை ஏமாற்றுகிறது.

நம் பாடநூலிலேயே இருக்கிறது

"இதெல்லாம் வானியல், மார்க்கத்தில் இவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. மார்க்கம் எளிது என்பதை நாமும் ஏற்கிறோம். எளிது என்பதால்தான் அது நிழலை அடையாளமாக வைத்தது. நிழலைப் பார்க்க மறுத்துவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்வது எளிமையன்று, சோம்பல்.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஷரஹுல் விகாயாவில், உச்சியை அறிவதற்கான வழி விளக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயரே "அத்தாயிரத்துல் ஹிந்திய்யா", அதாவது இந்திய வட்டம். சமமான தரையில் ஒரு வட்டம் வரைந்து, நடுவே ஒரு கோலை நேராக நடவேண்டும். காலையில் நீண்டிருக்கும் நிழல் சுருங்கி, அதன் நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் அது நீண்டு வட்டத்தை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவை வட்டத்தின் மையத்தோடு இணைத்தால் உச்சிக்கோடு கிடைக்கிறது. நிழல் அக்கோட்டில் விழுந்தால் இஸ்திவா. கோட்டை விட்டுக் கிழக்கே நகர்ந்தால் ஜவால். நம் நாட்டின் பெயர் தாங்கிய வழிமுறை, நம் பாடநூலிலேயே இருக்கிறது. நாமோ அந்தப் பக்கத்தை வேகமாக ஓதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

டமாஸ்கஸின் உமையா பெரிய பள்ளிவாசலில் 14-ஆம் நூற்றாண்டில் இப்னு ஷாத்திர் என்ற பேரறிஞர் முவக்கித்தாக இருந்தார். வக்துகளைக் கணிப்பதே அவருடைய பணி. அப்பள்ளிவாசலுக்கு அவர் நிழற்கடிகாரம் ஒன்றைச் செய்தளித்தார். பள்ளிவாசல் ஒன்று தன் ஊழியர்களில் வானியல் அறிஞரையும் வைத்திருந்தது. இன்று நாம் ஒளிரும் எண்பலகை ஒன்றை வாங்கி மாட்டியதும் பொறுப்பு முடிந்ததென நினைக்கிறோம். அது எந்த ஊர்க் கணக்கு என்று கேட்பதில்லை. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் உச்சிவேளையில் 13 நிமிடம் வேறுபாடு உண்டு. சென்னையின் அட்டவணையைக் கோவையில் ஒட்டினால் ளுஹர் 13 நிமிடம் முன்னதாக வந்துவிடும். கைபேசிச் செயலிகள் நல்ல உதவிதான். ஊரைச் சரியாகக் குறித்திருந்தால் சரியாகவே காட்டும். ஆனால் அது சரிதானா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் ஜமாஅத்தில் ஒருவராவது வேண்டாமா?

கோல் நட மழை விடவில்லையா? தினசரி நாட்காட்டி போதும். சூரிய உதயத்தையும் மறைவையும் கூட்டிப் பாதியாக்கினால் உச்சிவேளை வரும். இதை நம் மக்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். பிப்ரவரி நாள் ஒன்றில் உதயம் 6.35, மறைவு 6.18. ஒரு மாணவர் கூட்டி, பாதியாக்கி, "உச்சிவேளை ஆறு மணி இருபத்தாறு நிமிடம், உஸ்தாத்" என்றார். வகுப்பே சிரித்தது. ஆனால் அவர் கணக்கில் தவறில்லை; தவறு 12 மணிக் கடிகாரத்தில். மாலை 6.18-ஐ ரயில் அட்டவணையில் எழுதுவது போல 18.18 என்று எழுதச் சொன்னோம். மீண்டும் கூட்டினார்கள். 12.26 வந்தது. மறுநாள் வெயிலில் கோல் நட்டுப் பார்த்தார்கள். நிழல் அந்த நிமிடத்தை ஒட்டியே உச்சிக்கோட்டுக்கு வந்தது. அந்தப் பிள்ளைகள் இனி வாழ்நாளில் 12-ஐப் பார்த்துத் தொழமாட்டார்கள், இன்ஷா அல்லாஹ்.

கோல் நடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் நம் ஊரில் சூரியன் நேர் தலைக்குமேல் வருகிறது. அப்போது உச்சியில் கோலுக்கு நிழலே இருக்காது. அவ்விரண்டு நாட்களுக்கும் இடையே உச்சி நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். டிசம்பரில் அது கோலின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு வரை நீளும். அஸரைக் கணக்கிடும்போது, ஷாஃபிஈ மத்ஹபின் ஒரு மடங்காயினும் ஹனஃபி மத்ஹபின் இரு மடங்காயினும், இந்த உச்சி நிழலைக் கழித்தே பார்க்க வேண்டும்.

செய்யவேண்டியவை

குறை சொல்வதோடு நிறுத்துவது முறையன்று. ஆகவே நம் ஜமாஅத்துகளிடம் இவற்றைக் கேட்கிறோம்.

முதலாவதாக, பள்ளிவாசல் பலகையில் "ஜவால் 12 முதல் 12.30" என்று எழுதியிருந்தால் இன்றே அழியுங்கள். அந்த இடத்தில் நம் ஊருக்குரிய உச்சி நேரத்தை மாதந்தோறும் எழுதுங்கள்.

இரண்டாவதாக, வீட்டில் தொழுவோருக்கு ஓர் எளிய அளவைச் சொல்லிக்கொடுங்கள். நம் பகுதியில் ஆண்டின் எந்த நாளிலும் 12.30-க்கு ளுஹரின் வக்து வந்திருக்கும். அதற்கு முன் தொழவேண்டிய தேவை உள்ளவர் மட்டும் அன்றைய உச்சி நேரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாம் ஷிஃப்டு சகோதரருக்கும் இதையே சொன்னோம். இப்போது அவர் முதலில் சாப்பிட்டுவிட்டு 12.30-க்குத் தொழுகிறார். பதினைந்து நிமிட மாற்றம்தான். முன்பு தொழுதவை குறித்துக் கலங்கியவருக்கு, எந்த மாதங்களில் ஐயம் என்பதைக் கணக்கிட்டுக் கொடுத்தோம். அவர் கொஞ்சம் கொஞ்சமாக களாச் செய்துவருகிறார்.

மூன்றாவதாக, ஜனாஸாவை நிறுத்தும் முன் அன்றைய உச்சி நேரத்தைப் பாருங்கள். ஜனாஸாவை விரைவுபடுத்துவது நபிவழி. ஓர் எண்ணுக்காக அதைத் தாமதப்படுத்துவது பேணுதல் ஆகாது.

நான்காவதாக, பயணம், நிகழ்ச்சி, அழைப்பிதழ் எதுவாயினும் இரவு 12-ஐ ஒட்டிய நேரத்தை எழுதும்போது இரண்டு நாட்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்: "வியாழன் பின்னிரவு, வெள்ளி விடியுமுன்" என்று.

கடிகாரத்தை வெறுக்கச் சொல்லவில்லை. சுரங்கமும் மின்நிலையமும் ஷிஃப்டுக் கணக்கில் ஓடும் ஊரில் கடிகாரமின்றி ஒரு நாளும் நகராது. ஆனால் அது பணியாளாக இருக்கட்டும், முஃப்தியாக வேண்டாம்.

அந்தப் பெரியவரின் கபுரில் நீர் இறைத்த மகன்களுள் இளையவர் அண்மையில் நம்மைச் சந்தித்தார். அன்று 11.58-க்கே அடக்கியிருக்கலாம் என்பதை அவரிடம் மறைக்காமல் சொன்னோம். மன்னிப்பும் கேட்டோம். சற்று நேரம் மௌனமாக இருந்தவர், "இனிமே வேற யாரையும் மழையில நிக்க வைக்காதீங்க ஹஜ்ரத்" என்றார். அவருக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றவே இதை எழுதினோம்.

யா அல்லாஹ்! சூரியனையும் சந்திரனையும் கணக்கின்படி இயங்கச் செய்தவனே! எங்கள் அறியாமையால் குறைவுற்ற தொழுகைகளை மன்னிப்பாயாக! நீ வைத்த அடையாளங்களைக் கண்திறந்து பார்த்து, உரிய நேரத்தில் உன்னைத் தொழும் கூட்டத்தில் எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் சேர்ப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.